கோது

ஒன்ராறியோவில் மான் வேட்டைக் காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது என் பக்கத்து வீட்டுக்காரரின் கராஜில் இருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கும். சுளகில் அரிசி கொழிக்கிற மாதிரி, ஆனால் மணிக்கணக்காக நிற்காமல். அது ஒரு அதிரும் பாத்திரம். உள்ளே உடைத்த வால்நட் ஓடு. அந்த ஓட்டுக்குள் புதைந்து சுற்றிக்கொண்டிருப்பவை அவர் சென்ற வருடம் சுட்டுத் தீர்த்த துப்பாக்கி ரவைகளின் வெற்றுக் கோதுகள். மூன்று நான்கு மணித்தியாலம் கழித்து அவற்றை அரிதட்டில் சலித்தெடுத்தால் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கும். பிறகு அவற்றுக்குள் புது மருந்திட்டு, புதுச் சன்னம் பொருத்தி, திரும்பவும் காட்டுக்குக் கொண்டுபோவார்.

எனக்கு வேட்டையில் ஈடுபாடில்லை. துப்பாக்கியைத் தொட்டதுமில்லை. ஆனால் பித்தளை துலக்குகிற வேலை என்றால் தெரியும் என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்கு விளக்குத் துலக்கிக் கொடுத்த கை இது. பழப்புளியும் சாம்பலும். பள்ளிக்கூடத்துக் கடேற் படையில் இடுப்புப்பட்டி வாருக்குப் பிராசோ போட்டுத் தேய்த்த கையும் இதுதான். பிராசோ என்றதும் மனிதர் இரண்டு கையையும் உயர்த்தினார். அதை மட்டும் இந்தக் கராஜுக்குள் கொண்டுவராதே என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அதில் அமோனியா இருக்கிறது, பித்தளை வெடித்துவிடும் என்றார். எப்படி வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. தகப்பன் சொன்னாராம். நான் தேடிக்கொண்டு போனேன். அந்தத் தடை இந்தியாவின் மாரிமழையில் கொண்டுபோய் விட்டது.

முதலில் பொருளைச் சொல்லவேண்டும். ஒரு ரவையில் நான்கு பகுதிகள். முன்னால் பறந்துபோகிற சன்னம். அதைத் தள்ளுகிற மருந்து. மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர். சின்ன வயதில் விளையாட்டுத் துவக்கில் வைத்து அடித்த கேப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இம்மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பித்தளைக் கோது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு நாகம். சுடும்போது இந்தக் கோது ஊதி, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கும். அடுத்த கணம் சற்றுச் சுருங்கி, கழன்று வரும். ஊதவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். இரும்பை விடப் பித்தளை இதை நன்றாகச் செய்யும். சன்னமும் மருந்தும் பிரைமரும் ஒருமுறைக்குத்தான். கோது மட்டும் திரும்பி வரும்.

இந்தக் கோதை வார்ப்பதில்லை, இழுப்பார்கள். பித்தளை வில்லையை அழுத்திக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை இழுத்துக் குழாயாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் உலோகம் இறுகும். சூடாக்கி இளக்கி, கறுத்துப்போன மேற்பரப்பை ஐதான அமிலத்தில் கழுவி, திரும்ப இழுப்பார்கள். கடைசியாகக் கழுத்தை ஒடுக்கிச் சன்னத்தை இறுகப் பிடிக்க வைக்கும்போது, பித்தளைக்குள் ஒரு முறுக்கு தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பிரித்தானியப் படை இந்தியாவில் இதைத்தான் எதிர்கொண்டது. மாரிகாலத்தில் படை நகர்வுகள் குறைவு. ரவைப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்து, மழை விட்டதும் எடுப்பது வழக்கம். எடுத்துப் பார்த்தால், ஒருமுறைகூடச் சுடப்படாத ரவைகளின் கழுத்து நெடுக்காகப் பிளந்திருக்கும். யாரும் தட்டவில்லை, நசிக்கவில்லை. மழைப் பருவத்தோடு வந்து போனதால் இதற்குப் பருவவெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்ற மூவர் இலண்டனின் உலோகவியல் கழகச் சஞ்சிகையில் காரணத்தை எழுதினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்புகிற அமோனியாவும் ஈரக்காற்றும் சேர்ந்து, ஏற்கெனவே முறுக்கேறி நிற்கிற பித்தளையை மணிமணியாகப் பிரித்துவிடுகின்றன. முறுக்கு இல்லாத பித்தளையை அமோனியா பிளப்பதில்லை. அமோனியா இல்லாவிட்டால் முறுக்கேறிய பித்தளையும் பல காலம் சும்மா இருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் வெடிப்பு. தீர்வு மிக எளியது. செய்து முடித்த கோதை 250 பாகை செல்சியஸ் அளவில் சற்று நேரம் சூடாக்கினால் முறுக்குத் தளரும், உறுதியும் குறையாது. இதைக் கண்டுபிடிக்க எத்தனை மழைக்காலம் போயிற்று என்பதுதான் யோசிக்க வைக்கிறது. லாயத்தைக் கூட்டிய குதிரைக்காரனைக் கேட்டிருந்தால், அங்கே தொங்கிய பித்தளைச் சாமான் எல்லாம் என்ன ஆகிறது என்று அவன் சொல்லியிருக்கக்கூடும்.

ஆக, பக்கத்து வீட்டுக்காரரின் தகப்பன் சொன்னது சரி. வீட்டு விளக்குக்குப் பிராசோ போட்டால் ஆபத்தில்லை. அதற்குள் யாரும் ஐம்பதினாயிரம் இறாத்தல் அமுக்கத்தை ஏற்றப்போவதில்லை.

கோதைத் திரும்பப் பாவிக்கும் பழக்கத்தைப் பற்றித் தேடும்போது எனக்குப் பிடித்துப்போன முரண் ஒன்று உண்டு. 1866இல் பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கோது செய்தவர் வுல்விச் அரச ஆய்வுகூடத்தின் தலைவர் எட்வேட் பொக்ஸர், ஆங்கிலேயர். அவருடைய பிரைமருக்குக் கோதின் அடியில் நடுவே ஒரே துளை. ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் பழைய பிரைமர் வெளியே விழும். அதே காலத்தில் ஹைரம் பேர்டன் என்ற அமெரிக்கர் செய்த முறையில் இரண்டு சிறு துளைகள், நடுவில் ஒரு மேடு. கம்பி போகாது. ஐரோப்பியப் படைகள் பெரும்பாலும் அமெரிக்கரின் முறையைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்கா ஆங்கிலேயரின் முறையைப் பிடித்துக்கொண்டது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் கராஜுக்குக் கராஜ் கோது கழுவுவது பொக்ஸரின் அந்த ஒற்றைத் துளையால்தான்.

பொக்ஸரின் சுருட்டுக் கோது 1884-85 சூடான் மணலில் சிக்கி, துப்பாக்கிகளை அடைத்துக்கொண்டு, பிரித்தானியப் படையை இழுத்துச் செய்த முழுக்கோதுக்குப் போகவைத்தது. அமெரிக்கப் படை அதற்கு முன்பே வேறொரு பாடம் படித்திருந்தது. அவர்களுடைய கோது அப்போது செம்பு. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயேன் மக்களிடம் கஸ்ரரின் படையணி அழிந்தது. தப்பிய மேஜர் ரீனோ அடுத்த மாதமே படைக்கலத் தலைவருக்கு எழுதினார்: 380 துப்பாக்கிகளில் ஆறு, சுட்ட கோது வெளியே வராமல் பயனற்றுப் போயின. கடிதத்தைப் பெற்ற ஜெனரல் பெனே, அந்தச் செம்புக் கோதை வடிவமைத்தவரே. (ஸ்ரீபன் வின்சன்ற் பெனே என்ற அமெரிக்கக் கவிஞர் இவருடைய பேரன், பெயரும் அதே பெயர்.) தோல் பட்டியில் செருகிய செம்புக் கோதில் பச்சைக் களிம்பு ஏறி, அது சூட்டில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் செம்பில் களிம்பு என்றால் ஆணவ மலம் ஞாபகம் வரும்: வெளியிலிருந்து வந்ததல்ல, கூடவே பிறந்தது. படைக்கல அதிகாரிகள் பழியைத் தோலின் மேல் போட்டார்கள்.

அந்தத் தோல்விக்குக் கோதுதான் காரணம் என்ற கதை நூறு வருடம் ஓடியது. 1983இல் அந்தப் புல்வெளி தீப்பற்றி எரிந்து, நிலம் வெறுமையாயிற்று. 1984லும் 1985லும் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்கொற், ரிச்சர்ட் ஃபொக்ஸ் ஆகியோர் தொண்டர்களை வரிசையாக நிறுத்தி, உலோகங்காட்டியோடு நடக்கவைத்தார்கள். கிடைத்த ஒவ்வொரு கோதுக்கும் ஒரு கொடி நட்டு, இடத்தை அளந்து குறித்தார்கள். கிண்டியெடுத்த கீறல் உள்ளவை நூற்றுக்கு மூன்று, நான்குதான். கோது சிக்கியது உண்மை; அதனால் படை அழிந்தது என்பது பொய். இன்னும் ஒன்று செய்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் பிரைமரில் தன் கைநாட்டை விடும். நுண்காட்டியில் அவற்றை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்று கோடு கீறினார்கள். கஸ்ரரின் பக்கத்தில் சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. லகோட்டாக்களும் செயேன்களும் சொன்னதை அதுவரை பெரும்பாலும் யாரும் நம்பவில்லை. கோதுகள் சொன்னது அவர்கள் சொன்னதோடு பல இடங்களில் பொருந்தி வந்தது.

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என்னிடம் ஒரு கோது இருக்கிறது.

1987 ஐப்பசியில் எங்கள் ஒழுங்கைக்குள் சூடு நடந்து ஓய்ந்த அடுத்த நாள், பொடியள் நாங்கள் பொறுக்கியவற்றில் ஒன்று. காற்சட்டைப் பை நிறைய இருந்தது. அம்மம்மா எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். ஒன்றை ஒளித்தேன். அம்மா அதைக் கண்டுபிடித்தபோது எறியவில்லை. விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கினார். கரியும் மண்ணும் போனபிறகுதான் வீட்டுக்குள் வைக்கலாம் என்பது அவருடைய நியாயம். கூட நேரம் புளியில் ஊறியதால் ஒரு பக்கம் செம்மை தட்டியிருக்கிறது. நாகம் கரைந்து செம்பு தெரிகிற நிறம். அன்று அந்த ஒழுங்கையில் ஒருவர் இறந்தார். எங்களுக்குப் பாண் கடனுக்குத் தருகிறவர். அவரைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதப்பட்டதாக நான் காணவில்லை. மிச்சக் கோதுகள் பழைய பித்தளைக்காரனின் தராசில் நிறுக்கப்பட்டுப் போய்விட்டன.

அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோனேன். சிறு மின்சூளை உள்ளே பிடித்துப் பார்த்தார். இரண்டு துளை, பேர்டன், இதைத் திரும்ப நிரப்ப ஏலாது என்றார். பிறகு, எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்தார். இனி இதைத் தேய்க்காதே, அடியிலுள்ள குழியைத் தொடவே தொடாதே என்றார். பிரைமர்க் கரியில் ஈயம் இருக்கும், கையைக் கழுவு என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தக் கோதை நான் எந்த இடத்தில் பொறுக்கினேன் என்று அவருக்கு நினைவிருக்குமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

“உதை ஏன் இப்ப கேக்கிறாய்? சங்கக்கடைப் படலையடியிலை எண்டுதானே சொன்னனீ. மதிலோரம் கிடந்ததாம். அவர் விழுந்த இடத்திலையிருந்து பத்துப் பன்ரெண்டு அடி.”

ஒரு துண்டுக் கடதாசியில் திகதி, ஒழுங்கையின் பெயர், படலை, மதில், அந்த அடிக்கணக்கு, பாண்காரரின் முழுப்பெயர் எல்லாம் எழுதினேன். முழுப்பெயர் அம்மாவுக்குத் தெரியவில்லை. மொன்றியலில் இருக்கும் அவருடைய மருமகளிடம் கேட்டு வாங்கினேன். கோதையும் கடதாசியையும் ஒரே பைக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.