சதுரங்கமும் ஓய்வும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெள்ளவத்தையில் பாடசாலை மாணவருக்கான சதுரங்கச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. கல்கிசையிலிருந்து மாணவர் அறுவரை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். அறுவருள் ஒருவன் முதற் சுற்றுக்கு இருபத்தைந்து நிமிடம் பிந்தி வந்தான். தகப்பனாரின் மரக்கறிக் கடையைத் திறந்து, சாமான் இறக்கி வைத்துவிட்டு வந்தவன். அதற்குள் அவன் பக்கத்துக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. மூன்று மணி நேரமாயினும் பொறுமையாக ஆடக்கூடிய அந்தப் பையன், வெற்றி கைக்கெட்டிய நிலையில் நேரம் தீர்ந்து தோற்றான்.

நடுவரிடம் குற்றமில்லை. விதி எல்லோர்க்கும் ஒன்றே, கடிகாரமும் ஒன்றே. காலி வீதியில் பஸ்சில் திரும்புகையில் அவன் சொன்னான்: "சேர், அந்தக் குதிரையை முதலே எடுத்திருந்தா நேரம் மிஞ்சியிருக்கும்." கடையைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன் ஆட்டத்திலேயே பிழை தேடினான்.

அன்றிரவு என் மனத்தில் எழுந்த கேள்வி இது: சதுரங்கம் அறிவின் விளையாட்டு என்கிறோம். அறிவு எக்குலத்தில், எவ்வூரில், எவ்வீட்டில் பிறக்கும் என்று யாரும் வரையறுக்க முடியாது. ஆனால் அந்த அறிவைக் காய்களின் மேல் செலுத்துவதற்கு வேண்டிய ஓய்வு, வரலாற்றில் யாருக்குக் கிடைத்தது?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். பாளி மொழியில் அமைந்த பௌத்தத் திருமுறைகள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் என்பது மரபு. அத்திருமுறைகளுள் ஒன்றான பிரம்மஜால சூத்திரம், துறவி விலக்க வேண்டிய விளையாட்டுகளை வரிசைப்படுத்துகிறது. எட்டெட்டுக் கட்டங்கொண்ட 'அட்டபதம்' என்னும் பலகையே பட்டியலின் தலையில் நிற்கிறது. அது இன்னும் சதுரங்கம் ஆகவில்லை. பின்னாளில் சதுரங்கம் குடிபுகுந்த பலகை. ஊரார் இட்ட உணவை உண்டுவிட்டுப் பலகையின் முன் பொழுது போக்குவோரையே அச்சூத்திரம் கண்டிக்கிறது. உழைப்பவன் வேறு, அவ்வுழைப்பில் உண்டு விளையாடுபவன் வேறு என்ற வேறுபாடு அன்றே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷனின் அவைப் புலவனான பாணன், தன் அரசனது ஆட்சியின் அமைதியைப் புகழுமிடத்தில், சதுரங்கத்தை இப்பலகையோடு சேர்த்துப் பேசுகிறான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையே ஆட்டத்தின் பெயராயிற்று. பாரசீகத்துக்குச் சென்று 'சத்ரங்' ஆகி, அராபியரிடத்தில் 'ஷத்ரஞ்ச்' ஆகி, அவர் வழியே ஐரோப்பாவை அடைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மந்திரி அரசியாக மாறி, பலகை முழுவதும் பாயும் வலிமை பெற்றாள். மீண்டும் கப்பலேறி வந்தபோது அது ஆள்வோரின் விதிகளோடு கூடிய ஆட்டமாயிருந்தது. நம்மவரோ முற்றத்திலும் திண்ணையிலும் பழைய விதிகளின்படியே ஆடிக்கொண்டிருந்தனர்.

இவ்விரு ஆட்டங்களும் சந்தித்த இடங்களுள் ஒன்று கல்கத்தா. ஜோன் கொக்ரேன் என்ற ஸ்கொத்லாந்து வழக்கறிஞர் அங்கே புகழ்பெற்ற ஆட்டக்காரர். 1848ஆம் ஆண்டளவில், வங்காளத்து நாட்டுப்புறத்தில் ஒருபோதும் தோற்றறியாத பிராமணர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி நகரத்துச் சதுரங்கக் கழகத்தை எட்டியது. அவர்தான் மகேஷ்சந்திர பந்தோபாத்தியாயர். கழகத்தில் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டனர். கொக்ரேனும் அவரும் ஆடிய ஆட்டங்கள் பல நூறு.

மகேஷ்சந்திரர் தம் காலாட்களை நடுவே விரைந்து செலுத்தாமல், குதிரைக்கும் அரசனுக்கும் இடையே நிற்கும் காயை மூலைவிட்டத்தில் நிறுத்தி, எதிரியை முன்னே வரவிட்டுத் தாக்கினார். அன்று விசித்திரமாகத் தோன்றிய இம்முறைக்கு 'இந்தியத் தடுப்பாட்டம்' என்று பின்னர் பெயர் வழங்கியது. 1922இல் வியன்னாவைச் சேர்ந்த கிரூன்பெல்ட் என்பார் உலக அரங்கில் ஆடித் தம் பெயரை நிலைநாட்டிய தடுப்பாட்டத்தை, மகேஷ்சந்திரர் 1855இலேயே கொக்ரேனுக்கு எதிராக ஆடியிருந்தார். கொக்ரேன் குறித்துவைத்தமையால்தான் அது இன்று நமக்குத் தெரிகிறது. அந்த நன்றியை மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணிப்பாருங்கள்: மகேஷ்சந்திரர் சாதியால் தாழ்த்தப்பட்டவரல்லர். அவருக்கே வரலாற்றில் நுழைய ஒரு துரையின் குறிப்பேடு தேவைப்பட்டது. குறிப்பேடு எட்டாத குடிசைகளில் ஆடி மறைந்தோர் எத்தனை பேரோ?

இதே கதை இன்னும் பெரிய அளவில் மீண்டும் நடந்தது. பஞ்சாபின் மிட்டா என்ற ஊரில் 1903ஆம் ஆண்டளவில் பிறந்தவர் மீர் சுல்தான் கான். இந்திய முறை ஆட்டத்தைத் தந்தையிடம் சிறு வயதிலேயே கற்றவர். அம்முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டும் முறையும் வேறு. பெருநிலக்கிழாரும் பிரித்தானிய ஆட்சியின் உற்ற நண்பருமான சர் உமர் ஹயாத் கான், இவரது திறமையைக் கண்டு தம்முடன் சேர்த்துக்கொண்டு ஐரோப்பிய விதிகளைப் பயிற்றுவித்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் வென்ற சுல்தான் கான், 1929 வசந்தத்தில் எசமானுடன் இலண்டனில் இறங்கினார். அவ்வாண்டுக் கோடையிலேயே பிரித்தானிய வாகையர் ஆனார்! 1932இலும் 1933இலும் மறுபடியும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையரான காபாபிளாங்காவைத் தோற்கடித்தார். பிராக் நகரில் 1931இல் ரூபின்ஸ்தைனை வென்றார். ஐரோப்பியச் சதுரங்க நூல்கள் அவருக்கு ஏறக்குறைய மூடிய நூல்கள். இங்கிலாந்தின் குளிரோ அவரை ஓயாமல் நோயில் தள்ளியது.

1933இல் அதே எசமானின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண் பிரித்தானிய மகளிர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் எசமான் இலண்டனில் அமெரிக்க ஆட்டக்காரருக்கு அளித்த விருந்தில், சுல்தான் கானே உணவு பரிமாறினார் என்று அவ்விருந்துண்ட ரூபன் பைன் எழுதியுள்ளார். அவரைப் பணியாள் என்றழைப்பதை அவருடைய குடும்பத்தார் மறுக்கின்றனர். அவர்கள் சொல்லுக்கும் நாம் செவிகொடுக்க வேண்டும். ஆனால் பெயர் எதுவாயினும், எப்போது ஆடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்தவர் அவரல்லர் என்பது வெளிப்படை. 1933 இறுதியில் எசமான் நாடு திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அத்தோடு உலக அரங்கில் அவருடைய ஆட்டம் முடிந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது.

சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1924இல் பாரிஸ் நகரில் அமெச்சூர் ஆட்டக்காரர்களின் போட்டியையொட்டிப் பிறந்த அமைப்பு. வயிற்றுப் பிழைப்புக்காக அன்றி, விருப்பத்துக்காக ஆடுபவன் அமெச்சூர். அதாவது பிழைப்பு வேறு வழியில் உறுதிப்பட்டவன். சுல்தான் கான் அமெச்சூரும் அல்லர், தொழில்முறை ஆட்டக்காரரும் அல்லர். அவருடைய இடத்துக்கு அகராதியில் சொல் இல்லை. 1950இல் அச்சம்மேளனம் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது, ஆட்டத்தை விட்டு நெடுங்காலமாகியிருந்த ரூபின்ஸ்தைனின் பெயர் பட்டியலில் இருந்தது. அவரை வென்ற சுல்தான் கானின் பெயர் இல்லை. அவர் அப்போது பாகிஸ்தானில் தம் நிலத்தில் உயிரோடிருந்தார். 1966இல் இறந்தார். 2024இல், சம்மேளனத்தின் நூறாவது ஆண்டில், அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளிக்கப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் பிந்திய பட்டம்! தம் மகனுக்கு அவர் இவ்வாட்டத்தைக் கற்பிக்க மறுத்து, வாழ்க்கையில் இதனினும் பயனுள்ள காரியம் செய்யும்படி சொன்னாராம். ஒரு மேதையின் வாயிலிருந்து வந்த இச்சொல்லை, நான் அவர் வாழ்ந்த சமுதாயத்தின் மீதான தீர்ப்பாகவே கொள்கிறேன்.

வேறு வழி உண்டா? உண்டு என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. சோவியத் நாட்டில் 1920களில் நிக்கலாய் கிரிலென்கோ சதுரங்கத்தைத் தொழிற்சாலைகளுக்கும் படைவீரருக்கும் பாடசாலைகளுக்கும் கொண்டுசென்றார். ஓய்வுடையோரின் பொழுதுபோக்கு, அரசு போற்றும் மக்கட்கலையாயிற்று. 1948இல் பொட்வின்னிக் உலக வாகையரானது அதன் விளைவு. அதே கிரிலென்கோவை 1938இல் அந்த அரசே சுட்டுக் கொன்றது என்பதையும் நாம் மறைக்கலாகாது. மக்களுக்குப் பலகையைக் கொடுத்த அரசு, நீதியையும் கொடுத்துவிட்டதாகப் பொருளில்லை. ஆயினும் கொடுத்த பலகை பொய்யன்று.

அப்பலகைகளின் பயன் தமிழரையும் எட்டியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரன், 1972இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் 'தால் சதுரங்கக் கழக'த்தை உருவாக்கினார். பலகை, கடிகாரம், நூல் ஆகியவை அங்கே பலருக்குப் பொதுவாயின. வென்றவன் பலகையில் தொடர்ந்திருப்பான். தோற்றவன் எழுந்து வரிசையில் நிற்பான். மயிலாடுதுறையில் பிறந்து, தாயிடம் ஆட்டம் கற்ற விசுவநாதன் ஆனந்த் என்ற சிறுவன் அந்த வரிசையில் நின்றவன். 1988இல் அவன் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பின்னர் உலக வாகையர்.

2024 இறுதியில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் உலகப் பட்டத்தை வென்றார். நாம் மகிழ்ந்தோம். அவ்வெற்றிக்காக மருத்துவரான தந்தை தம் தொழிலை நிறுத்தி, மகனோடு நாடு நாடாகச் சென்றார். அத்தந்தையின் தியாகம் வணங்கத்தக்கது. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தொழிலை ஒருநாள் நிறுத்தினால் மறுநாள் அடுப்பெரியாத வீட்டில் அத்தகைய மகன் பிறந்தால் என்ன செய்வது?

ஆசிரியராகிய நம்மால் இயன்றது சிறிது. ஆனால் அது இல்லாததன்று. பாடசாலை முடிந்தபின் ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். பலகைகளைப் பொதுவாக வைக்கலாம். நுழைவுக் கட்டணத்தை மாணவனின் சட்டைப் பையிலிருந்து எடுக்காமல் இருக்கலாம். போட்டிகளை எந்நேரத்தில் தொடங்குவது என்று முடிவு செய்கையில், காலையில் கடை திறக்கும் பிள்ளைகளையும் நினைக்கலாம். ஒவ்வொரு ஆட்டத்தையும் பிள்ளைகளே தம் கையால் குறித்துவைக்கப் பழக்கலாம். அவர்களுக்கு இன்னொரு கொக்ரேன் தேவைப்படலாகாது.

திங்கட்கிழமை இடைவேளையில் அந்தப் பையன் தாளொன்றைக் கொண்டுவந்து நீட்டினான். தோற்ற ஆட்டத்தின் நகர்வுகள் முழுவதும் அதில் இருந்தன. இருபத்திரண்டாம் நகர்வின் கீழே கோடிட்டு, எடுத்திருக்க வேண்டிய குதிரையைக் குறித்திருந்தான். அவன் சொன்னது சரியே. தாளை வாங்கி, பாடசாலைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.