அறக்கணக்கும் அபின் கணக்கும்

எங்கள் ஊரிலே பெயர்ப்பலகை இல்லாத கட்டடம் அரிது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட இந்த மணற்றிடலில் 2009 மே மாதத்துக்குப் பின்னர் முழுதாய் நின்ற சுவர் மிகச் சில. பிறகு எழுந்த வீடு, கிணறு, மலசலகூடம், வகுப்பறை ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றின் நெற்றியில் அதனைத் தந்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சென்ற தவணையில் குடியேற்ற ஆட்சிக்காலப் பொருளாதாரம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், பேர் எழுதாமல் ஒருத்தரும் ஒண்டும் தரமாட்டினமோ?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை சொல்லத் தொடங்குமுன் மணியும் அடித்துவிட்டது.

அவளுக்குச் சொல்ல நினைத்தது ஒரு வர்த்தகக் குடும்பத்தின் கதை. தன் சமூகத்தையும் தான் குடியேறிய நகரத்தையும் ஒருங்கே தாங்கிய கொடைக்கு ஆசியாவில் அதனினும் பெரிய எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை. பம்பாயின் சசூன் குடும்பத்தைக் குறிப்பிடுகிறேன்.

தாவீது சசூன் 1792 இல் பக்தாத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் அந்நகரை ஆண்ட பாஷாக்களின் தலைமைப் பொக்கிஷதாரராக விளங்கியவர். தாவூத் பாஷாவின் காலத்தில் யூதக் குடும்பங்களுக்கு நேர்ந்த இன்னலுக்கு அஞ்சித் தாவீது ஊரைவிட்டு ஓடினார். பாரசீகத்தின் புஷயர்த் துறைமுகத்தில் சில காலம் தங்கிவிட்டு, 1830களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். அகதியாக வந்தவர் முப்பது ஆண்டுகளுக்குள் அந்நகரின் பெருந் தனவந்தருள் ஒருவரானார். இறுதிவரை அராபிய அங்கியையே அணிந்தார். 1853 இல் பிரித்தானியப் பிரஜையானபோதும் எபிரேய எழுத்திலேயே கையொப்பம் இட்டார்.

அவருடைய வர்த்தக நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் கால் சதவீதம் தருமத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. நூறு ரூபாவுக்கு நாலணா. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இலாபத்திலன்றி வியாபாரத்தின் மொத்தத் தொகையில் எடுக்கப்படும் நாலணா என்பதை மறந்துவிடலாகாது. வியாபாரம் பெருகப் பெருக அந்த நாலணாவும் மலையாகக் குவிந்தது.

யூத மரபில் இதனைச் 'செதாக்கா' என்பர். அச்சொல்லின் வேர் நீதியைக் குறிப்பது, கருணையை அன்று. நம்முடைய 'அறம்' என்ற சொல்லும் அத்தகையதே. அறங்கூறவையம் என்றால் நீதிமன்றம். அறச்சாலை என்றால் தருமச் சத்திரம். நீதியையும் ஈகையையும் ஒரே சொல்லால் சுட்டிய இரு மொழிகள்! 1204 இல் இறந்த மைமோனிதீசு என்னும் யூத அறிஞர் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவன் யாரென்று பெறுபவன் அறியாமலும், பெறுபவன் யாரென்று கொடுப்பவன் அறியாமலும் கொடுப்பது மிக உயர்ந்த படிகளுள் ஒன்று. அதற்கும் மேலானது, ஒருவன் மீண்டும் கையேந்தாதவாறு அவனைத் தொழிலில் நிறுத்துவது. என் மாணவியின் கேள்வியை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சசூன்கள் பெயர் எழுதத் தயங்கியவர் அல்லர். 1857 இல் குற்றஞ் சாட்டப்பட்ட சிறுவர்க்கான சீர்திருத்தத் தொழிற்பாடசாலை. 1864 இல் பைக்குல்லாவில் மாகென் தாவீது தொழுகை ஆலயம். 1867 இல் புனாவில் ஓகெல் தாவீது ஆலயமும், அதே ஆண்டில் சசூன் வைத்தியசாலையும். தாவீது 1864 இல் புனாவில் காலமானார். புனாவின் கட்டடங்கள் இரண்டும் அவருக்குப் பின்னரே முற்றுப்பெற்றன. வைத்தியசாலையின் கதவு சாதி மத பேதமின்றித் திறந்திருந்தது. இன்று அது அரசாங்க மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பெரிய ஆஸ்பத்திரி. பம்பாயில் தாவீது சசூன் நூலகம் என்று பெயர் பெற்ற கட்டடம் 1870 இல் நிறைவெய்தியது. 1847 இல் நாணயச் சாலையிலும் கப்பற் பட்டறையிலும் வேலைசெய்த இளந் தொழிலாளரும் மேற்பார்வையாளரும் தாமாகக் கூடி அமைத்த படிப்பு வட்டமே அதன் மூலம். அவர்களுக்குக் கட்டடம் வேண்டியிருந்தது. சசூன் 60,000 ரூபா தந்தார். கட்டடம் அவர் பெயரைத் தாங்கியது. வட்டத்தைத் தொடங்கிய தொழிலாளரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பக்தாத்திலிருந்து வந்த ஏழை யூத இளைஞரையும் அக்குடும்பம் கைவிடவில்லை. பாடசாலையில் எழுத்தும் கணக்கும் படிப்பித்து, ஷாங்காய், ஹொங்கொங் ஆகிய இடங்களில் இருந்த தன் கிளைகளுக்கு எழுதுவினைஞராக அனுப்பியது. நோயுற்றால் மருத்துவம், இறந்தால் புதைகுழி. தொட்டில் முதல் கல்லறை வரை ஒரே முதலாளி. மைமோனிதீசின் உயர்ந்த படி இதுவே என்று வாதிக்கலாம். நம்பகமான ஊழியரை மலிவாகத் தேடும் வழி என்றும் வாதிக்கலாம். இரண்டும் உண்மை என்பதே என் கருத்து.

ஆனால் கல்லறை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து, எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, ஓய்வு நாளில் செக்கை நிறுத்தியதால் 'சனிவாரத் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைக்கப்பட்ட பெனே இஸ்ரவேலர் மராத்தி பேசும் யூதர். 1836 இல் தாவீது சசூனும் வேறு சில பக்தாத் யூதரும் பம்பாய் அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்தனர். பொது மயானத்தில் தங்கள் பகுதியையும் பெனே இஸ்ரவேலர் பகுதியையும் பிரித்து ஒரு சுவர் எழுப்ப வேண்டும் என்பதே அது. அகதியாய் வந்து நாலைந்து ஆண்டுகள். அதற்குள் ஒரு சுவர்! யாழ்ப்பாணத்துச் சரித்திரம் படித்தவருக்கு இது புதுமையன்று. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற 'சம ஆசன' விதி வந்தபோது, அதனைப் பொறாதவர் பாடசாலைகளையே எரித்தனர். அப்பாடசாலைகளும் தருமத்தால் எழுந்தவையே.

பெனே இஸ்ரவேலர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை. கெகிம்கர் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் 1875 இல் தங்கள் பிள்ளைகளுக்கெனப் பாடசாலையொன்றை நிறுவினர். பல பத்தாண்டுகளின் பின் கதூரி குடும்பத்தின் பெருங்கொடை அதற்குக் கிட்டியது. பாடசாலை சேர் எலி கதூரி பாடசாலை ஆயிற்று. (இங்கும் பெயர்ப்பலகை வந்துவிட்டது!) இந்த எலி கதூரியும் பக்தாத்தவர், சசூன் நிலையத்தில் ஊழியராகவே சீனத்தில் வாழ்வைத் தொடங்கியவர்.

இனி, நாலணா எந்த நூறு ரூபாவிலிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பஞ்சும் ஆடையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861-65 ஆண்டுகளில் பஞ்சு விலை ஏறியபோது பம்பாய் வர்த்தகர் அனைவரும் கொழுத்தனர். எனினும் சசூன்களின் பெருஞ் செல்வத்துக்கு அடித்தளம் அபின். மத்திய இந்தியாவின் மாளவத்தில் விளைந்த அபின் பம்பாய் வழியே சீனத்துக்குச் சென்றது. முதலாம் அபின் போர் 1842 இல் நான்கிங் உடன்படிக்கையோடு முடிந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. இரண்டாம் போரின் போது அவ்வர்த்தகம் சட்டபூர்வமும் ஆயிற்று. 1870களில் இந்திய அபினைச் சீனத்துக்குக் கொண்டுசென்றோருள் சசூன்களே முதன்மையானவர். புனாவில் ஒரு நோயாளி கட்டிலில் படுத்து மருந்து பெற்றபோது, அக்கட்டிலின் விலையை ஏதோ ஒரு சீனத்து அபின் கூடத்தில் மயங்கிக் கிடந்தவன் செலுத்தியிருந்தான்.

இதனை யூதரின் குணம் என்று கூறுவோன் சரித்திரம் அறியாதவன். அன்றேல் அறிந்தே நஞ்சு விதைப்பவன். பம்பாயில் 1845 இல் எழுந்த பெரிய வைத்தியசாலைக்குப் பெயர் தந்த ஜம்சேட்ஜி ஜீஜீபாய் பார்சி; அவர் செல்வத்திலும் அபின் உண்டு. சசூன்களுக்கு முன் அத்துறையில் கோலோச்சிய ஜார்டைன் மதீசன் நிறுவனத்தார் ஸ்கொட்லாந்துக் கிறித்தவர். எல்லோருக்கும் மேலாக, வங்காள அபினைத் தன் தனியுரிமையாக வைத்திருந்து, மாளவ அபினுக்கு வரி வாங்கி, அதற்காகப் போரும் செய்தது பிரித்தானிய அரசு. மூலதனத்துக்கு மதம் இல்லை; அதன் தருமத்துக்குத்தான் மதம் உண்டு.

பிரித்தானியருக்கு அபின் ஏன் வேண்டியிருந்தது? சீனத்துத் தேயிலைக்கு விலை கொடுக்க. இங்கேதான் கதை எங்கள் வாசலுக்கு வருகிறது. முதலாம் அபின் போர் நடந்துகொண்டிருந்த 1841 இல், மோரிஸ் டி வோம்ஸ் என்பவர் இலங்கையின் புசல்லாவையில் காணி திறந்து, சீனத்துத் தேயிலைக் கன்றுகள் சிலவற்றையும் நட்டார். அவருடைய தாயார் றோத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் மூத்த மகள். தோட்டத்துக்கு மாமன்மாரின் குடும்பப் பெயரையே சூட்டினார். அவரும் சகோதரர் கேப்ரியலும் அங்கு வளர்த்த முதற் பயிர் கோப்பி. 1865 இல் தோட்டங்களை விற்றனர். றோத்சைல்ட் என்ற பெயர் மட்டும் மலையில் நிலைத்துவிட்டது.

அக்காலத்துக் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகள் எவ்வழியே சென்றனர்? தமிழகத்திலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே நூறு மைலுக்கு மேல் கால்நடையாக மாத்தளைக்கு. வாந்திபேதியும் காய்ச்சலும் தாகமும் வழிநெடுக அவர்களைத் தின்றன. அந்தக் காட்டுப் பாதையில் வீழ்ந்தவருக்குக் கல்லும் இல்லை, பலகையும் இல்லை.

றோத்சைல்ட் குடும்பத்தின் கொடையும் சசூன்களுடையதைப் போன்றே பரந்தது. பாரிசில் 1852 இல் வைத்தியசாலை. இலண்டனில் ஏழை யூதப் பிள்ளைகளின் பாடசாலைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆதரவு. 1885 இல் கிழக்கு இலண்டனின் சேரிகளில் வாழ்ந்த ஏழை யூதருக்காக ஒரு வீடமைப்புக் கம்பெனி தொடங்கினர். அதன் பெயரிலேயே 'நான்கு சதவீதம்' என்ற சொல் இருந்தது. பங்குதாரருக்கு ஆண்டுக்கு நான்கு சதவீதம் கிடைக்கும் என்பது பொருள். நான் அதனை இகழமாட்டேன். வட்டியை மறைக்காத தருமம் ஒருவகையில் நேர்மையானது. அத்தோடு, அவ்வீடுகள் மழை ஒழுகாதவை.

மீண்டும் பம்பாய். தாவீதின் மகன் எலியாஸ் 1867 இல் பிரிந்து தொடங்கிய நிறுவனம் பஞ்சாலைகளில் பெருகியது. எலியாசின் மகன் சேர் ஜேக்கப் 1884 இல் கெனெசெத் எலியாகூ ஆலயத்தைக் கட்டினார்; யூதப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலை, தரும நிதியங்கள் ஆகியவற்றை ஏற்படுத்தி 1916 இல் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1928 தொடக்கத்தில், அதே குழும ஆலைகளில் ஒரு தொழிலாளி கூடுதல் தறிகளைக் கவனிக்க வேண்டும் என்ற 'திறமைத் திட்டம்' புகுத்தப்பட்டது. வேலைநிறுத்தம் மூண்டது, ஏப்பிரலில் நகரம் முழுவதும் பரவி ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அக்டோபர் வரை ஆலைக்குத் திரும்பவில்லை. நிறுவனத்தின் தலைவர் சேர் விக்டர் சசூன் மறு ஆண்டில் தொழிலாளர் நிலையை ஆராயும் அரச ஆணைக்குழுவில் அங்கத்தவராக அமர்ந்தார். இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

ஆயினும் அதே விக்டரை ஷாங்காயில் பார்க்க வேண்டும். 1938, 39 ஆண்டுகளில் ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பிய ஐரோப்பிய யூதருக்கு உலகின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அனுமதிப் பத்திரம் கேளாத துறைமுகமாக ஷாங்காய் இருந்தது. இருபதினாயிரத்தை அண்மித்தோர் வந்திறங்கினர். விக்டர் பணம் தந்தார். தம் மாடிக்கட்டடமொன்றை வரவேற்பு நிலையமாகத் திறந்துவிட்டார். கதூரிகளும் உதவினர். அந்தப் பணத்தின் மூலம் எதுவென்று அன்று வரிசையில் நின்ற எவரும் கேட்டிருக்கமாட்டார். கேட்கவும் கூடாது. இதனை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது; ஏனெனில் வரிசையில் நிற்பது எத்தகையது என்பதை நான் அறிவேன்.

இந்தியாவின் யூதருள் பெரும்பான்மையோர் 1948க்குப் பின் இஸ்ரவேலுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். 2011 குடிமதிப்பில் எஞ்சியிருந்தோர் ஐயாயிரத்துக்கும் குறைவு. தரும நிதியங்கள் இருந்தன. பெறுவதற்கு ஆள் இல்லை. பைக்குல்லாவில் ஜேக்கப் சசூன் பெயர் தாங்கிய பாடசாலையின் வாங்குகளில் அயலில் வாழும் முஸ்லிம் பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். கல்கத்தாவில் 1881 இல் தொடங்கிய யூதப் பெண்கள் பாடசாலையிலும் அவ்வாறே. உலக அரசியல் இவ்விரு மக்களையும் எவ்வாறு நிறுத்தியிருக்கிறது என்பதை அறிந்தோர் அந்த வகுப்பறைகளை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். கெனெசெத் எலியாகூ ஆலயம் சசூன் நிதியத்தோடு வேறு சில நிறுவனங்களும் தந்த பொருளால் செப்பனிடப்பட்டு 2019 இல் திறக்கப்பட்டது. சுவர் கேட்டவர்களின் சந்ததி போய்விட்டது. சுவருக்கு வெளியே நின்றவர்களின் சந்ததியே இன்று பம்பாய் யூதருள் மிகுதி.

புசல்லாவை மலைக்குக் கூலிகள் சென்ற வன்னிப் பாதையிலும் ஒரு திரும்பிவருகை நிகழ்ந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர், 1958 இலும் 1977 இலும் அடிபட்டபோது கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினர். என் வகுப்பில் இருப்போருள் சிலரின் பூட்டன்மார் மன்னாரிலிருந்து நடந்தவர்கள். பேரப்பிள்ளைகள் 2009 இல் எங்களோடு நந்திக்கடலைக் கடந்தவர்கள்.

கடந்தபின் எங்களைக் கொண்டுபோய் அடைத்த இடம் செட்டிகுளத்து மெனிக் பாம். அம்முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முள்வேலிக்கும் பெயர்ப்பலகை! நான் அருணாசலத்தில் இருந்தேன் என்று இன்றும் சொல்வதுண்டு. அருணாசலத்தின் நூல்களைப் படித்தது பல்கலைக்கழகம் சென்றபின்.

அடுத்த பாடவேளையில் மாணவியின் கேள்விக்குச் சசூன் கதையைச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் அபின் போர்வரையே வரமுடிந்தது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, மே மாதத்துக் கஞ்சிக்கு அரிசி சேர்க்க வந்தவர்களிடம் தன் அம்மா ஒரு கொத்து கொடுத்ததாகவும், கொப்பியில் பேர் எழுதவேண்டாம் என்றதாகவும் சொன்னாள். அவ்வாண்டு மே 18 அன்று கிடாரத்தடியில் நின்று நானும் அக்கஞ்சியைக் குடித்தேன். அரிசியும் உப்பும் தண்ணீரும். 2009 இல் இருந்த அளவுக்கே தண்ணீராக இருந்தது.