படிவத்தில் இல்லாத கட்டம்

சேலையூரில் எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். 2007இல் வந்தவர், முகாமுக்கு வெளியே வாழப் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவு வேலைக்காகக் காவல் நிலையத்துக்கு ஒருமுறை நானும் கூடப் போனேன். பெயர், வந்த தேதி, வந்த வழி, இப்போதைய முகவரி என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாயிற்று. திரும்பும்போது, "ஏன் வந்தீங்கன்னு கேக்கவே மாட்டாங்களாண்ணா?" என்றேன். சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "அதை ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி."

தரவுத்தளத்தில் இடமில்லாத விஷயம், அமைப்பைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. என் தொழிலில் இது அன்றாடம்.

இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம், குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்றது. அதை எப்படி வாங்கினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. விநோதம் என்னவென்றால், அதே இலங்கை 1994இல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் சேர்ந்து, அந்த வருடமே தனிச்சட்டமும் போட்டது. அடைக்கலம் கொடுத்த இந்தியாவோ 1997இல் கையெழுத்திட்டதோடு சரி. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குப் போய் அப்படியே காலாவதியானது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் சேரவே இல்லை. ஆகவே தப்பி வந்தவர், 2025 வரை நடைமுறையில் இருந்த 1946 சட்டப்படி வெறும் 'வெளிநாட்டவர்'. போராளித் தொடர்பு என்று சந்தேகப்பட்டால் 'சிறப்பு முகாம்'. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடக்கூடிய செங்கல்பட்டிலேயே ஒன்று இருந்தது. பெயர்தான் முகாம், விடுதலை கேட்டு உள்ளே உண்ணாவிரதம் இருந்தார்கள்.

நீதிமன்றம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1992இல் அகதிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புவதாக நெடுமாறன் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னைக்கு வந்தது. ஆனால் அங்கேயும் கேள்வி, போகிறாயா என்பதுதான்.

லண்டனில் நடந்ததைப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடப்பட்ட தழும்புகளோடு வந்த இலங்கைத் தமிழர் ஒருவரிடம், 'அடைக்கலத்துக்காக நீயே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம்' என்கிற ரீதியில் தீர்ப்பாயம் சந்தேகப்பட்டது. 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அப்படிச் சுட்டுக்கொள்பவர்கள் மிக அரிது என்பதைக் கணக்கில் எடுக்கச் சொல்லி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. கொடுமையான சந்தேகம்தான். ஆனாலும் தழும்பை மருத்துவர் அளந்தார், நீதிபதி படித்தார். நம்ப மறுப்பதற்காவது அங்கே ஒரு கட்டம் இருந்தது.

2025இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. செய்தியை அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அப்ப, இன்னுமொரு திகதியோ தம்பி?"