ஊர்ப் பெயரில் ஒளிந்திருக்கும் அயலார்

தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு வட்டாரத்தில் தெலுங்கன்குடிகாடு என்று ஒரு கிராமம் இருக்கிறது. திருவையாறு பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வடுகக்குடி. கும்பகோணத்தை அடுத்த பழையாறையைச் சுற்றி இருக்கும் சிற்றூர்களில் ஒன்று ஆரியப்படையூர். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பறங்கிப்பேட்டை.

இந்த நாலு பெயர்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. நாலிலும் தமிழர் அல்லாத ஒரு கூட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெலுங்கர், வடுகர், ஆரியர், பறங்கியர். நெல் விளையும் சோழ மண்டலத்தில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? யார் வைத்தார்கள்?

ஊர்ப் பெயர் என்றால் அந்த ஊர்க்காரர்களே வைத்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் அது சரியில்லை என்று தெரியும்.

போர்ச்சுகலில் இருந்து ஒரு உதாரணம்

போர்ச்சுகல் நாட்டின் வடபகுதியில் 'கலேகோஸ்' என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. பார்செலோஸ் நகராட்சியில் மட்டும் இரண்டு: கலேகோஸ் சாந்தா மரியா, கலேகோஸ் சாவ் மார்த்தின்யோ. பெனாஃபியேல் நகராட்சியில் இன்னொன்று. கலேகோஸ் என்றால் போர்ச்சுகீசிய மொழியில் 'கலீசியர்கள்' என்று அர்த்தம். கலீசியா என்பது போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே, மின்யோ ஆற்றுக்கு அப்பால், இன்று ஸ்பெயினில் இருக்கும் பகுதி. இரண்டு பக்கத்து மொழிகளும் ஒரே தாய்மொழியில் இருந்து பிரிந்தவை. அதாவது அடுத்த வீட்டுக்காரர்கள்.

பார்செலோஸ் பகுதி மண் பொம்மைகளுக்குப் பேர்போனது. உலகப் புகழ் பெற்ற பொம்மைக் கலைஞர் ரோசா ரமால்யோ 1888ல் பிறந்தது கலேகோஸ் சாவ் மார்த்தின்யோவில்தான். போர்ச்சுகல் நாட்டுப்புறக் கலையின் அடையாளம் என்று இன்று கொண்டாடப்படுகிறவரின் ஊர்ப் பெயரோ 'பக்கத்து நாட்டார்' என்று பொருள் தருகிறது!

இதில் ஒரு எளிய தர்க்கம் இருக்கிறது. எல்லோரும் கலீசியராக இருக்கும் இடத்தில் ஒரு ஊரைக் 'கலீசியர் ஊர்' என்று சொன்னால் யாருக்கும் வழி தெரியாது. சுற்றிலும் வேறு ஆட்கள் இருந்து, நடுவே ஒரு இடத்தில் மட்டும் கலீசியர் வந்து தங்கினால்தான் அந்தப் பெயரால் பயன் உண்டு. அதை முதலில் சொல்லியிருக்கக்கூடியவர்களும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். இங்கிலாந்தில் உள்ள டென்பி என்ற ஊரும் அப்படித்தான். 'டேனியர் ஊர்' என்று பொருள். டென்மார்க்கில் இருந்தால் அந்தப் பெயருக்கு என்ன வேலை?

இதே தர்க்கத்தைத் தெலுங்கன்குடிகாட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அந்தப் பெயர் சொல்வது அங்கே தெலுங்கர் ஆண்டார்கள் என்பதை அல்ல. சுற்றி இருந்த தமிழ் ஊர்கள் ஒரு குடியிருப்பைத் தனியாக அடையாளம் காட்டின என்பதைத்தான். 'தெலுங்கர்' என்று பன்மை கூட இல்லை, 'தெலுங்கன்' என்ற ஒருமை. ஒரு ஆளோ, ஒரு குடும்பமோ வந்து தங்கினால் கூட இப்படி ஒரு பெயர் விழப் போதும்.

பறங்கிப்பேட்டையே சாட்சி

அயலார் பெயரைத் தாங்கும் ஊர்ப் பெயரை வைப்பது அக்கம்பக்கத்தார் என்பதற்குப் பறங்கிப்பேட்டையை விட நல்ல சாட்சி கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே வந்து வணிகம் செய்தார்கள். அவர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். அவர்கள் கண்ணில் பட்டது துறைமுகம். தமிழர்கள் கண்ணில் பட்டதோ துறைமுகம் அல்ல, வந்த ஆட்கள். எனவே பறங்கிப்பேட்டை!

'பறங்கி' என்ற சொல்லின் பயணமும் சுவையானது. ஐரோப்பாவில் ஃபிராங்குகள் என்று ஒரு இனம். அவர்கள் பெயரை அராபியரும் பாரசீகரும் 'ஃபரங்கி' என்று ஆக்கி, எல்லா மேற்கத்தியரையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். அது இந்தியாவுக்கு வந்து, தமிழில் பறங்கி ஆகி, முதலில் போர்ச்சுகீசியரையும் பிறகு வெள்ளைக்காரர் எல்லோரையும் குறித்தது. சென்னையின் பறங்கிமலை, நம் சமையலறையின் பறங்கிக்காய் இரண்டும் இந்தக் குடும்பம்தான். லிஸ்பனில் யாரும் தன்னைப் பறங்கி என்று சொல்லிக்கொண்டதில்லை. அது நாம் வைத்த பெயர்.

ஆள்பவர் வைக்கும் பெயர் வேறு

அப்படியானால் வெளியில் இருந்து வந்து ஆண்டவர்கள் ஊருக்குப் பெயரே வைக்கவில்லையா? நிறைய வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயர்களின் ஜாதகம் வேறு.

தஞ்சையை 1532 முதல் 1673 வரை நாயக்கர்களும், 1676 முதல் 1855 வரை மராட்டியர்களும் ஆண்டார்கள் (1799க்குப் பிறகு மராட்டிய மன்னருக்குக் கோட்டைக்குள் மட்டுமே அதிகாரம்). நாயக்கர் காலத்தில் அச்சுதப்ப நாயக்கர், தெலுங்கு பேசும் அந்தணக் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் மெலட்டூர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் என்பது ஊர் வழக்கு. இன்றும் அங்கே நடக்கும் பாகவத மேளா நாடகங்கள் தெலுங்கில்தான் இருக்கின்றன. அந்த ஊருக்குக் கிடைத்த அரசுப் பெயர் அச்சுதபுரம். மன்னரின் பெயர்! மக்கள் நாவில் நிலைத்ததோ மெலட்டூர். ஆக, டெல்டாவில் தெலுங்குப் பண்பாடு மிக ஆழமாக வேர்விட்ட ஊர்களில் ஒன்றின் பெயரில் தெலுங்கு என்ற சொல்லே இல்லை.

மராட்டியர் விஷயமும் இதுவே. சரபோஜிராஜபுரம் என்பது மன்னர் பெயர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய சத்திரத்துக்கு முக்தாம்பாள் சத்திரம் என்று ஒரு பெண்ணின் பெயர். ஒரே ஒரத்தநாட்டு வட்டாரத்தில் அரசர் கொடுத்த பெயர் ஒரு தனி ஆளை நினைவில் வைக்கிறது, தெலுங்கன்குடிகாடு என்ற பெயரோ ஒரு மொழிக்காரரை நினைவில் வைக்கிறது. முன்னது அரண்மனையில் பிறந்தது, பின்னது வரப்பில் பிறந்தது.

விதிவிலக்கும் உண்டு. 1620ல் தரங்கம்பாடிக்கு வந்த டென்மார்க்குக்காரர்கள் தங்கள் கோட்டைக்கு 'டான்ஸ்போர்க்' என்று பெயரிட்டார்கள். டேனியர் கோட்டை என்று பொருள். தாய்நாட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்ததும் தாங்களும் அயலார்தான் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கலாம். ஆனால் 1845ல் அவர்கள் விற்றுவிட்டுப் போன பிறகும் ஊர் தரங்கம்பாடியாகவே இருந்தது. அந்தப் பெயர் கோட்டைச் சுவரைத் தாண்டி ஊருக்குப் பரவவில்லை.

அவசரப்பட்டால் ஏமாறுவோம்

இனப் பெயரைப் பார்த்தவுடன் 'இங்கே அந்த இனத்தார் குடியேறினார்கள்' என்று முடிவு கட்டுவது சுலபம். தஞ்சை மண்ணே அதற்கு மூன்று எச்சரிக்கைகளை வைத்திருக்கிறது.

முதலாவது, சோழர் காலத்தில் தஞ்சாவூர் எந்த வளநாட்டில் இருந்தது? பாண்டிகுலாசனி வளநாட்டில். பெயரில் பாண்டியர் இருப்பதால் அங்கே பாண்டியர் வாழ்ந்தார்கள் என்று ஆகாது. 'பாண்டியர் குலத்துக்கு இடி போன்றவன்' என்ற ராஜராஜ சோழனின் பட்டப் பெயர் அது. பெரிய கோயிலின் முதல் வாயிலுக்குக் கேரளாந்தகன் திருவாசல் என்று பெயர். அது கேரளத்தார் வந்த வாசல் அல்ல, கேரள அரசை வென்றவன் கட்டிய வாசல். தோற்றவன் பெயரும் இப்படிக் கல்வெட்டில் ஏறும்.

இரண்டாவது, வடுகக்குடி. வடுகர் என்றால் வேங்கடத்துக்கு வடக்கே இருந்தவர்கள், பிற்காலத்தில் குறிப்பாகத் தெலுங்கர். எனவே நாயக்கர் காலத்துக் குடியேற்றம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வடுகூர் என்ற தலத்தை ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடியிருக்கிறார். இன்று புதுச்சேரிப் பகுதியில் திருவாண்டார்கோயில் என்று வழங்கும் ஊர் அது. நாயக்கர் ஆட்சிக்குச் சுமார் 900 வருடம் முந்தைய பெயர்! அந்தத் தலபுராணமோ வடுக பைரவர் வழிபட்டதால் வந்த பெயர் என்கிறது. ஆக, 'வடுக' என்ற மூன்றெழுத்து ஒரு மக்களையும் குறிக்கலாம், ஒரு தெய்வத்தையும் குறிக்கலாம். மக்களையே குறித்தாலும் காலம் உறுதியில்லை. வேங்கி நாட்டு அரச குடும்பத்தில் பிறந்த முதலாம் குலோத்துங்கன் 1070லேயே சோழ அரியணை ஏறியவன். தெலுங்கு நாட்டோடு போக்குவரத்து நாயக்கர்களால் தொடங்கியது அல்ல.

மூன்றாவது, ஆரியப்படையூர். பழையாறையைச் சுற்றி ஆரியப்படை, பம்பைப்படை, புதுப்படை, மணப்படை என்று நாலு படைவீடுகள். சோழர் படைகள் தங்கிய இடங்கள் என்பது மரபு. ஆரியப்படை என்றால் வடநாட்டு வீரர்கள் கொண்ட படையா? அல்லது வடநாட்டாரை வென்ற படையா? 'ஆரியப்படை கடந்த' நெடுஞ்செழியன் என்று ஒரு பாண்டியனுக்குப் பட்டம் உண்டு. அங்கே ஆரியப்படை என்பது எதிரிப் படை. பழையாறையில் எது பொருத்தம் என்பதை வெறும் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எனவே ஒரு பெயரை நம்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கல்வெட்டிலும் பழைய ஆவணத்திலும் அதன் பழைய வடிவம் என்ன? சுற்றியுள்ள ஊர்ப் பெயர்கள் என்ன சொல்கின்றன? பெயரை வைத்தது அரசனா, அக்கம்பக்கத்தாரா?

இது ஏன் முக்கியம்?

ஊர்ப் பெயர் ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு இல்லை. 'நீ வந்தேறி, நான் மண்ணின் மைந்தன்' என்ற சண்டையில் ஊர்ப் பெயர்களைப் பத்திரம் போல நீட்டுவது இங்கே வழக்கம். ஒரு தரப்பு 'பெயரைப் பார், நீங்கள் வெளியாட்கள்' என்கிறது. இன்னொரு தரப்பு 'பெயரைப் பார், இது எங்கள் ஊர்' என்கிறது. இரண்டுமே தப்பு. ஊர்ப் பெயர் பட்டா அல்ல. என்றோ ஒரு நாள் பக்கத்து ஊர்க்காரர் கொடுத்த சாட்சி, அவ்வளவுதான். இன்று தெலுங்கன்குடிகாட்டில் இருப்பவர்கள் யாருடைய பேரப்பிள்ளைகள் என்று அந்தப் பெயர் சொல்லாது. கலேகோஸில் பிறந்த ரோசா ரமால்யோவைக் கலீசியா நாட்டுக்காரி என்று யாரும் சொல்வதில்லையே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 அக்டோபரில், ஊர், தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கத் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. மனிதரை இழிவு செய்யும் பெயர்கள் போகத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வடுகன், தெலுங்கன் போன்ற சொற்கள் ஒரு காலத்தில் மக்களையும் மொழியையும் குறித்து, இன்னொரு காலத்தில் சாதியைக் குறித்தவை. எது எந்த வகை என்று பிரிப்பது லேசான வேலை அல்ல. பெயர் மாறினாலும் பழைய பெயர் எங்காவது எழுதி வைக்கப்பட வேண்டும். கல்வெட்டில் இடம் பெறாத சாதாரண மக்கள் இந்த மண்ணுக்கு வந்த செய்திக்குப் பல ஊர்களில் அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ராஜாக்கள் வந்ததைச் செப்பேடு சொல்லும். மூட்டை முடிச்சோடு வந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தைப் பற்றி யார் செப்பேடு எழுதினார்கள்? பக்கத்து வயல்காரன் கூப்பிட்ட பெயர்தான் அவர்களுக்குச் செப்பேடு.