ஏழு எழுத்தும் குடுமியான்மலைப் பாறையும்

லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் கையில் ஒரு புதிர்ப் புத்தகம். ஆறு ஆங்கில எழுத்து கொடுத்து, எல்லாத்தையும் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி வார்த்தை கண்டுபிடிக்கணும். எல், ஐ, எஸ், டி, ஈ, என். "மாமா, லிசன் கண்டுபிடிச்சிட்டேன், இன்னும் இருக்காம், சொல்லுங்க"ன்னு நச்சரிப்பு. கொஞ்சம் மண்டையைச் சொறிஞ்சு சைலண்ட், என்லிஸ்ட் ரெண்டையும் பிடிச்சேன். டின்சல் அவனா கண்டுபிடிச்சது. (மாமாவின் மானம் கொஞ்சம் போச்சு.)

இந்த ஆறு எழுத்தை 720 விதமா அடுக்கலாம். அதில் அகராதியில் இருக்கிறது விரல் விட்டு எண்ணுற அளவுதான். அடுக்குறது கணக்கு. எது வார்த்தைன்னு சொல்றது அந்த மொழியைப் பேசுற ஜனங்க.

இந்த விளையாட்டில் பெரிய தலை ஸ்கிராபிள். 1930களில் ஆல்ஃபிரட் பட்ஸ்னு வேலை இழந்த ஒரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளை வச்சுக்கிட்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணி எண்ணி உருவாக்கினது. 1948ல்தான் அதுக்கு ஸ்கிராபிள்னு பேர் வந்தது. ஆட்டக்காரர் கையில் எப்பவும் ஏழு எழுத்து.

ஏழுன்னதும் எனக்கு நம்ம ஊர்ப் பாறை ஞாபகம் வந்திடுச்சு. பதிவே அதைப் பத்தித்தான் :-)

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் போறவங்க பெரும்பாலும் ஆயிரங்கால் மண்டபத்தையும் சிற்பங்களையும் பார்த்துட்டு பஸ் பிடிக்கப் போயிடுவாங்க. குன்றைக் குடைஞ்ச மேலைக்கோயில் பக்கத்துப் பாறையில், சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் ஒரு கல்வெட்டு இருக்கு. நிலதானமோ வரி விவரமோ இல்லை. வெறும் சுரங்கள். 38 வரி. எழுத்து பல்லவ கிரந்தம், காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு வாக்கில். 1904ல் கல்வெட்டுத் துறையினர் கண்ணில் பட்டது. பி.ஆர். பண்டார்கர் அதைப் படிச்சு எபிகிராஃபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

அமைப்பைப் பாருங்க. மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம்னு ஏழு ராகத்துக்கு ஏழு பகுதி. நாரதீய சிக்ஷை என்கிற பழைய நூலிலும் இதே ஏழு பேர்தான். ஒவ்வொரு பகுதியிலும் நாலு நாலு எழுத்தாகச் சேர்ந்த கொத்துகள். பதினாறு கொத்து ஒரு உட்பிரிவு. ஒரு உட்பிரிவில் எல்லாக் கொத்தும் ஒரே சுரத்தில் போய் முடியும்.

இதோட விட்டிருந்தா பரவாயில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் நாலு உயிர் ஏறுது: ச, சி, சு, செ, ர, ரி, ரு, ரெ, இப்படியே மத்ததும். சில எழுத்துக்கு மேலே புள்ளி வேற. ஏழு சுரத்தை நாலு இடத்தில் எப்படி வேணா போடலாம்னா 2,401 கொத்து. நாலு உயிரையும் சேர்த்தா 28 எழுத்து, 6,14,656 கொத்து. அதிலேர்ந்து சில நூறை மட்டும் பொறுக்கி எடுத்து ஒருத்தர் பாறையில் வெட்ட வச்சிருக்கார். அதாவது அவருக்குத் தெரியும், எது 'வார்த்தை', எது வெறும் அடுக்குன்னு. நமக்குத் தெரியலை!

உயிரெழுத்து மாறினா என்ன அர்த்தம்? பின்னாளில் வேங்கடமகி 72 மேளத்துக்கு ர, ரி, ருன்னு வச்சது சுரத்தின் வகையைக் காட்ட. இதுவும் அப்படித்தான்னு சொல்லிட்டுப் போகலாம்னா, கல்லில் ச, சி, சு, செவும் இருக்கு, ப, பி, பு, பெவும் இருக்கு. இன்னைய கர்நாடக சங்கீதத்தில் சவுக்கும் பவுக்கும் வகையே கிடையாதே! நுட்பமான சுருதி வேறுபாடுன்னு ஒரு கட்சி, வீணையை மீட்டுற விதம்னு இன்னொரு கட்சி. பக்கத்திலேயே 'பரிவாதினி'ன்னு வெட்டியிருக்கு. அமரகோசப்படி அது ஏழு தந்தி உள்ள வீணை. அதனால ரெண்டாவது கட்சிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு. ஆனா நான் சங்கீத வித்வான் இல்லைங்க, அடிக்க வந்திடாதீங்க.

யார் வெட்டினது? மகேந்திரவர்ம பல்லவன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. பின்னாடி வந்த ஆய்வாளர்கள் பலர் ஒத்துக்கலை. கல்லில் ராஜா பேரே இல்லை. ருத்ராசாரியாரின் சீடரான, பரம மாகேசுவரனான ஓர் அரசன், மாணவர்கள் நன்மைக்காகச் செய்ததுன்னு மட்டும்தான் சமஸ்கிருதத்தில் இருக்கு. கடைசியில் தமிழில் ஒரு சின்ன வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவைன்னு. அதுக்கும் ஆளுக்கொரு விளக்கம்.

எனக்கு உறுத்துறது அந்த 'மாணவர்களுக்காக' என்கிறதுதான். தன் பேரைப் போடத் தோணாத ராஜாவுக்குப் பாடம் அழியக்கூடாதுன்னு தோணியிருக்கு. பாறையில் வெட்டினா நிக்கும்னு நம்பியிருக்கார். எழுத்து நின்னுடுச்சு. ஆனா இந்தக் கொத்தை இப்படி வாசிக்கணும்னு வாத்தியார் வாயால் சொன்னதைக் கல்லில் வெட்ட முடியலை. ஒரு தலைமுறையில் கேட்க ஆள் இல்லாமப் போனா அது அங்கேயே நின்னுடும். சொல்பட்டியல் பத்திரமா இருக்கு, அகராதி தொலைஞ்சு போச்சு.

எழுத்தாவது தங்கிச்சேன்னு ஆறுதல் பட்டுக்கணும். திருமயத்தில் இதே மாதிரி இசைக் கல்வெட்டு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுத இடம் வேணும்னு அதைச் செதுக்கித் தள்ளிட்டாங்க. இப்ப மிச்சம் துண்டு துக்கடாதான். வெட்டினவங்களுக்கு அது என்னன்னு புரிஞ்சிருந்தா கை வந்திருக்குமா?

அக்கா பையன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப அதுக்கு விடைப் பக்கம் இல்லையா மாமா?"ன்னான். இல்லைடான்னேன். "அப்ப யாராச்சும் கண்டுபிடிக்கலாம்ல?"ன்னு திரும்பக் கேட்டான். அடுத்த ஞாயிறு கூட்டிட்டுப் போறதா வாக்கு கொடுத்திருக்கேன்.

வலையுலகில் வீணை வாசிக்கிறவங்க யாராவது இருந்தா, குடுமியான்மலைப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. தெரிஞ்சதைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: எழுத்து நல்லாத் தெரியணும்னு பாறையில் சாக்பீஸ் தேய்ச்சுப் படம் எடுக்காதீங்க, புண்ணியமாப் போகும்.