மலைமேடையின் குரல்கள்

மைக் வருவதற்கு முன்பே, கூட்டத்தைக் கட்டி நடத்தும் குரலுக்கு நீலகிரியில் பஞ்சமில்லை. படகர் ஊர்களில் சாவு விழுந்தால் 'கரு ஹரசோது' என்ற சடங்கு உண்டு. பெரியவர் ஒருவர் முன்னால் நின்று, இறந்தவரும் அவருடைய முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். பாம்பை அடித்தது, பல்லியைக் கொன்றது, எல்லைக்கல்லை நகர்த்தியது என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கூடியிருப்பவர்கள் அது பாவமென்று ஒரே குரலில் ஆமோதிப்பார்கள். சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் நூலிலும், எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளிலும் இந்தச் சடங்கு பதிவாகியிருக்கிறது. எந்த இடத்தில் மூச்சு விடுவது, எந்த இடத்தில் கூட்டத்தை உள்ளே இழுப்பது என்று தெரியாதவரால் அதை நடத்த முடியாது. துக்க வீட்டுக் காரியத்தை மேடைத் தொகுப்பாளர் தொழிலோடு சேர்ப்பது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் வேலையின் நுணுக்கம் ஒன்றுதான்.

அதே சாவு வீட்டில் அடுத்தது என்ன என்பதை இசையால் சொன்னவர்கள் கோத்தர் பழங்குடியினர். கொல் என்ற ஊதுகருவி, தபட்டு, பறை, கொம்பு ஆகியவற்றோடு படகர், தோடர் சடங்குகளுக்கு அவர்கள் வாசித்தார்கள். 1930களில் படகர்களிடையே எழுந்த சீர்திருத்த அலையில் பல ஊர்கள் கோத்தர் இசையை விலக்கின. அந்தச் சண்டையை அப்போது அங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாம் எழுதி வைத்திருக்கிறார்.

வெள்ளைக்காரர்களின் ஊட்டிக்குத் தனிக்குரல் இருந்தது. 1886இல் தொடங்கிய குதிரைப் பந்தயமும், 1896இல் தொடங்கிய மலர்க்காட்சியும், நாய்க்காட்சியும் ஆங்கிலத்தில் நடந்தன. எந்தக் குதிரை முந்துகிறது, எந்த ரோஜாவுக்குப் பரிசு, கோப்பையை யார் வழங்குகிறார் என்பதெல்லாம் அந்த மொழியில்தான். ஊர் நடுவே ஐம்பத்திரண்டு ஏக்கரில் கிடந்த பந்தயத் திடலை, 822 கோடி ரூபாய் குத்தகை பாக்கி என்று கணக்குச் சொல்லித் தமிழக அரசு 2024இல் மீட்டுக்கொண்டது.

இன்றைக்குச் சீசன் மேடையில் கேட்கிற தமிழ்ப் பேச்சு இந்த மூன்றில் எதிலிருந்தும் வரவில்லை. அது கடல் கடந்து வந்தது.

1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்கு ஏறக்குறையக் கதவைச் சாத்திவிட்டது. 1957இல் விவித பாரதி தொடங்கும்வரை நேயர்கள் வேறு அலைவரிசை தேடினார்கள். 1950இலேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தியில் அமீன் சயானிக்குக் கிடைத்த புகழைத் தமிழில் பெற்றவர் எஸ்.பி. மயில்வாகனன். அவருக்குப் பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்று ஒரு பட்டாளமே வந்தது. பாட்டுக்கு நடுவே வந்து போகிறவராக இருந்த அறிவிப்பாளரை, நேயர்கள் பெயர் சொல்லித் தேடும் ஆளாக மாற்றியவர்கள் இவர்கள்.

அவர்களுடைய வித்தையை ஒரே ஒரு காரியத்தில் பார்த்துவிடலாம். இசைத்தட்டு சுழலத் தொடங்கிவிட்டது. முன்னிசை பதினைந்து விநாடியோ இருபது விநாடியோ ஓடும். அதற்குள் படத்தின் பெயர், பாடகர், கவிஞர், பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெயரைக்கூட விழுங்கக் கூடாது. பாடகர் வாய் திறக்கும் அந்தக் கணத்துக்குச் சரியாக அறிவிப்பாளர் வாயை மூட வேண்டும். கே.எஸ். ராஜா இதில் மின்னல்வேகக்காரர். அவர் கொல்லப்பட்ட செய்தி தமிழ்நாட்டு நேயர்களையும் உலுக்கியது. இன்றும் கல்யாண மண்டப ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டுக்காரர் முன்னிசையைத் தொட்டதும் தொகுப்பாளர் பேச்சை வேகமாக்கி, பாடகர் தொடங்கும் இடத்தில் டக்கென்று நிறுத்துவதைக் கவனியுங்கள். சொல்லிக்கொடுத்தவர் யாரென்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அந்தக் குரல்களை அடுத்த வீட்டுக் குரலாகக் கேட்டு வளர்ந்தவர்களே நீலகிரிக்குக் குடிவந்ததுதான் இந்தக் கதையின் விசேஷம். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பேச்சுவார்த்தை மேசையில் எண்ணிக்கையாக இருந்தவர்கள், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, மலையேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பிற்பாடு டான்டீ என்ற நிறுவனமாக மாறியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கங்களில் லயன் வீடுகள் எழுந்தன. கண்டி, நுவரெலியா லயங்களில் கேட்ட அதே நிலையம், இங்கே கடல் தாண்டி வந்தது. விட்டுவந்த ஊரின் பெயரை அறிவிப்பாளர் நேயர் பட்டியலில் சொன்னால் அடுப்பில் இருப்பதை மறந்துவிட்டு நிற்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டின் மற்ற நேயர்களுக்கு அது பாட்டுப்பெட்டி மட்டும்தான்.

மேடைக்கு அந்த வானொலி கொடுத்த பெரிய சீதனம் 'பாட்டுக்குப் பாட்டு'. பார்வையாளர் முன்னிலையில் அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற அந்தப் போட்டி, பின்னர் சன் டிவி வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. ஓர் எழுத்து, அதில் தொடங்கும் ஒரு பாட்டு, தடுமாறினால் மணி. செலவில்லாத விளையாட்டு. அடுத்த குழு இன்னும் வேஷம் கட்டி முடிக்கவில்லை, முக்கிய விருந்தினரின் கார் பர்லியார் வளைவில் மாட்டிக்கொண்டது என்றால் தொகுப்பாளரைக் காப்பாற்ற இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. மலைப்பாதை போக்குவரத்தை நம்பி நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கும் ஊரில் அந்த ஆயுதம் அடிக்கடி தேவைப்படும்.

நீலகிரி மேடைக்கென்று தனிச் சிரமங்களும் உண்டு. 2023இல் 125ஆவது மலர்க்காட்சி நடந்த தாவரவியல் பூங்காவாக இருக்கட்டும், பழக்காட்சி நடக்கும் குன்னூர் சிம்ஸ் பூங்காவாக இருக்கட்டும், எதிரே நிற்கிற கூட்டம் ஒரே மொழிக் கூட்டம் இல்லை. தமிழில் தொடங்கி, கேரளத்துக்காரர்களுக்கு மலையாளத்தில் ஒரு வரி, மைசூர்ப் பக்கத்தவருக்குக் கன்னடத்தில் ஒரு வரி, படகர் நடனக் குழு ஏறும்போது படகு மொழியில் ஒரு வணக்கம் என்று தாவத் தெரிய வேண்டும். அந்த வணக்கத்தைத் தப்பாக உச்சரித்தால் முன்வரிசையே சிரித்துவிடும்.

சொல்லப்போனால், தொகுப்பாளர் பேசுவதில் பாதி கலையைப் பற்றியதே இல்லை. குழந்தை காணவில்லை, வண்டியை எடுங்கள், பூச்செடியைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை என்பதையெல்லாம் கரகாட்டத்துக்கும் நன்றியுரைக்கும் நடுவே அவர்தான் செருக வேண்டும். அரசு விழா என்றால் அமைச்சர், எம்.பி., ஆட்சியர் என்று பெயர்களை வரிசை பிசகாமல் சொல்வது தனிக் கண்டம். பள்ளிக்கூட மேடையில் பழகிய ஆசிரியர்களை அந்த இடத்தில் நிறுத்துவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். கலைநிகழ்ச்சி தொடங்கியதும் மைக் தொழில்முறை ஆளிடம் போகும்.

மே மாத மழைக்கு நேரம் காலம் கிடையாது. பூங்காவில் முதல் துளி விழுந்ததும் கூட்டம் கண்ணாடி மாளிகைப் பக்கம் ஓடும். மேடையில் இருப்பவர் மின்கம்பியை ஒரு கண்ணாலும் கூட்டத்தை மறு கண்ணாலும் பார்த்தபடி, ஆட்டக்காரர்களுக்குக் கைதட்டல் வாங்கித் தந்து அனுப்பி வைப்பார். மழை விட்டபின் திரும்பி வருகிறவர்களைப் பிடித்து வைக்க மறுபடி முதலிலிருந்து வேலை. அதற்கும் நேரம் அளவுதான். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், மேடையில் இன்னும் இரண்டு குழு பாக்கி இருந்தாலும்.