கடல் நோய்: வயிற்றின் மேல் விழுந்த பழி

தேனி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வையை, மதுரையையும் இராமநாதபுரத்தையும் கடந்த பின்னரே பாக் நீரிணைப் பகுதியில் கடலைக் காண்கிறது. அப்படியிருக்க, கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குக் கடல் நோயைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம்.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் பேருந்தில் ஒருமுறை ஏறிப் பார்த்தவர்கள் இக்கேள்வியைக் கேட்க மாட்டார்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதையிலும் இதே கதைதான். பாதி வழியிலேயே சன்னலோர இருக்கைக்குப் போட்டி தொடங்கிவிடும். கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் வெளிவரும். விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களிலும், வேலை தொடங்குமுன்பே வாந்தியால் சோர்ந்துவிடுவோர் உண்டு. "பித்தம் ஏறிவிட்டது", "வெறும் வயிறு", "பலவீனமான உடம்பு" என்றெல்லாம் காரணம் சொல்கிறோம்.

கடலில் படகோடு ஆடுபவருக்கு வருவதும், மலைச்சாலையில் பேருந்தோடு சாய்பவருக்கு வருவதும் ஒரே நோய்தான். இரண்டிலும் குற்றவாளி வயிறு அன்று. இந்த எளிய உண்மையைக் கண்டறிய மனித குலத்திற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன என்பது வியப்பிற்குரிய செய்தி. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

வயிற்றைத் தேடிய காலம்

குமட்டலைக் குறிக்கும் 'நாசியா' என்னும் ஆங்கிலச் சொல், கப்பல் என்று பொருள்படும் 'நவுஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. குமட்டல் என்றாலே கப்பல் நினைவுக்கு வரும் அளவுக்குப் பண்டைக் கிரேக்கர்கள் கடலில் அல்லல்பட்டிருக்கின்றனர். உடலில் ஓடும் பித்தம் முதலிய நீர்மங்கள் நிலைகுலைவதே நோய்க்குக் காரணம் என்று அவர்களுடைய மருத்துவர்கள் கருதினர். நம் ஊரிலும் பேருந்து வாந்திக்குப் பித்தத்தையே குறை கூறுவதை எண்ணிப் பார்த்தால், இவ்வெண்ணம் எவ்வளவு பரவலானது என்பது விளங்கும்.

வாயில் வெளிவருவது வயிற்றில் உள்ளது. எனவே நோயும் வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பே. மருந்துகளும் வயிற்றை நோக்கியே தரப்பட்டன. 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின், மருத்துவரான தம் தந்தையின் யோசனைப்படி உலர்ந்த திராட்சையைத் தின்று பார்த்தார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கடந்தும் அவருடைய துன்பம் முற்றிலும் நீங்கவில்லை. சிறு வயதிலேயே கடற்படையில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் பணியாற்றிய பிரிட்டிஷ் தளபதி நெல்சனும் கடல் கொந்தளிக்கும்போதெல்லாம் நோயுற்றார். இந்நோய்க்கு வீரமோ உடல் வலிமையோ தடையன்று என்பதற்கு இவ்விருவரும் சான்று.

ஆடாத அறை கட்டிய பொறியாளர்

எஃகு உருக்கும் முறையால் புகழ்பெற்ற ஹென்றி பெஸ்ஸெமர் கடல் நோயால் பெரிதும் அவதியுற்றவர். கப்பல் ஆடினாலும் பயணிகள் அமரும் அறை ஆடாமல் இருந்தால் நோய் வராது என்பது அவர் எண்ணம். அவ்வாறே கப்பலுக்குள் ஓர் அறையை அச்சில் தொங்கவிட்டு, நீரழுத்த எந்திரத்தால் அதைக் கிடைமட்டமாக நிறுத்தும் ஏற்பாடு செய்தார். ஓர் ஊழியர் ரசமட்டத்தைப் பார்த்துப் பார்த்து எந்திரத்தை இயக்க வேண்டும்.

1875-இல் அக்கப்பல் ஓடியது. மே மாதம் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த பயணத்தில், அறையை அசையாமல் பூட்டிவைத்தே கப்பலைச் செலுத்தினர். அது பிரான்சின் கலே துறைமுக மேடையில் மோதியது. திட்டமும் அத்துடன் முடிந்தது.

இயற்பியல் மாணவர்கள் இத்திட்டத்தின் குறையை எளிதில் காண்பார்கள். ரசமட்டக் குமிழி காட்டுவது புவியீர்ப்பின் திசையை மட்டுமன்று. கப்பலின் முடுக்கமும் சேர்ந்த தொகுபயன் திசையையே அது காட்டும். மேலும் பக்கவாட்டுச் சாய்வை மட்டும் தடுத்தால் போதாது. அலையோடு கப்பல் முழுவதும் மேலெழுந்து கீழிறங்குவதை அந்த அறையால் தடுக்க முடியாது.

செவிக்குள் ஒரு கருவி

விடை கிடைத்த இடம் யாரும் எதிர்பாராத ஒன்று. பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரான்ஸ் 1820-களில் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். புறாக்களின் கேட்கும் திறன் கெடவில்லை. ஆனால் அவை தலையைச் சுழற்றித் தள்ளாடின. 1870-களில் எர்ன்ஸ்ட் மாக் என்னும் இயற்பியலார், புரூயர் என்னும் மருத்துவர், கிரம் பிரவுன் என்னும் வேதியியலார் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து, அக்குழல்கள் தலையின் சுழற்சியை உணரும் உறுப்புகள் என்ற முடிவுக்கு வந்தனர்.

தண்ணீர் நிறைந்த செம்பைத் திடீரெனச் சுழற்றுங்கள். செம்பு சுழலும், உள்ளிருக்கும் நீர் நிலைமத்தால் பின்தங்கும். ஒவ்வொரு செவியிலும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தான தளங்களில் அமைந்த மூன்று குழல்களில் இதுவே நடக்கிறது. பின்தங்கும் நீர்மம் நுண்ணிய மயிரணுக்களை வளைக்க, மூளைக்குச் செய்தி போகிறது. இவற்றுக்கு அருகே கூழ் போன்ற மெத்தையின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்துள்ளன. புவியீர்ப்பையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் உணர்த்துபவை இவை.

ரயில் வளைவில் திரும்பும்போது வெளியிலுள்ள வீடுகளும் மரங்களும் சாய்ந்து தோன்றுவதை மாக் கவனித்திருந்தார். நம் மலைப் பேருந்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து திரும்பினால், மையநோக்கு முடுக்கம் ஏறத்தாழ நொடிக்கு நொடி 2 மீட்டர். இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உட்செவியைப் பொறுத்தவரை உலகமே 12 பாகை சாய்ந்துவிட்டது! ஆனால் முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், எதுவும் சாயவில்லை என்கிறது. அடுத்த வளைவில் சாய்வு மறுபக்கம் மாறுகிறது.

கேளாதோர் தந்த சான்று

1881-இல் இர்வின் என்னும் மருத்துவர் கடல் நோயை உட்செவியோடு தொடர்புபடுத்தி எழுதினார். எல்லா ஊர்திகளிலும் வருவது ஒரே நோய் என்பதால் 'இயக்க நோய்' என்னும் பொதுப்பெயரையும் வழங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்க உளவியலார் வில்லியம் ஜேம்ஸ் ஓர் அரிய சான்றை வெளியிட்டார். செவித்திறனும் பேச்சும் அற்ற 519 பேரைச் சுழலச் செய்து விசாரித்ததில், 186 பேருக்குத் தலைசுற்றலே ஏற்படவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 200 பேரிடம் விசாரித்தபோது அத்தகையவர் ஒருவரே கிடைத்தார்.

1960-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள், உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தோரை வட அட்லாண்டிக் புயலில் கப்பலேற்றினர். உடன் சென்ற மற்றவர்கள் துவண்டு விழ, இவர்களுக்கு மட்டும் நோயே வரவில்லை. இவர்களுக்கும் வயிறு உண்டு, பித்தமும் உண்டு. இல்லாதது உட்செவியின் செய்தி ஒன்றே. ஆகவே கடல் நோய் வருவது உடல் பலவீனத்தின் அடையாளம் அன்று. உட்செவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

கண் ஒன்று சொல்ல, செவி வேறொன்று சொல்ல, முன் அனுபவம் மூன்றாவது ஒன்றை எதிர்பார்க்க, மூளை குழம்புகிறது. 1975-இல் ரீசன், பிராண்ட் ஆகியோர் இக்கருத்தை விரிவாக நூலாக்கினர். ஆனால் குழப்பத்தின் விளைவு வாந்தியாக இருப்பானேன்? 1977-இல் டிரைஸ்மன் ஓர் ஊகத்தை முன்வைத்தார். நஞ்சு கலந்த உணவை உண்டாலும் புலன்கள் இப்படித்தான் முரண்படும். எனவே உண்டதை வெளியேற்றும்படி மூளை கட்டளையிடுகிறது என்பது அவர் கருத்து. இது இன்னும் ஊகமாகவே உள்ளது.

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல

மேடுபள்ளச் சாலையில் ஆட்டோவில் குலுங்குபவர் இடுப்பு வலிக்கிறது என்பார்; வாந்தி எடுப்பதில்லை. காரணம் அதிர்வெண். 1974-இல் ஓ'ஹான்லன், மக்காலி ஆகியோர் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மேலும் கீழும் ஆடும் அறையில் அமர்த்திச் சோதித்தனர். நொடிக்கு 0.2 அதிர்வு, அதாவது ஐந்து நொடிக்கு ஒரு முறை ஆடும் ஆட்டமே மிகக் கொடியது என்று தெரிந்தது. கடலில் படகு ஆடும் வேகமும் பெரும்பாலும் இதை ஒட்டியதே.

படகில் எங்கே இருக்கிறோம் என்பதும் முக்கியம். 20 மீட்டர் நீளமுள்ள படகு முன்னும் பின்னுமாக 5 பாகை சாய்ந்தாடுவதாகக் கொள்வோம். அணியத்தில் நிற்பவர் நடுநிலையிலிருந்து 87 சென்டிமீட்டர் மேலும் கீழும் போவார். நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருப்பவர் 17 சென்டிமீட்டரே அசைவார். ஊஞ்சல் பலகையின் நடுவில் அமர்ந்த குழந்தையைப் போன்றது இது. பேருந்தில் பின்கட்டு இருக்கை ஆகாது என்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

மருந்துகளின் கதை

இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைக் கடல் கடத்த வேண்டியிருந்ததால் ஆராய்ச்சி சூடுபிடித்தது. ஊமத்தை இனச் செடிகளில் கிடைக்கும் ஹயோசின் பயன்பட்டது. 1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காகப் புதிய மருந்தொன்றை உண்ட பெண்மணி, டிராம் வண்டியில் வழக்கமாக வரும் குமட்டல் நின்றுவிட்டதாகக் கூறினார். கே, கார்லைனர் என்னும் மருத்துவர்கள் அம்மருந்தை நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற படைக்கப்பலில் சோதித்து வெற்றி கண்டனர். டிராமமைன் இவ்வாறே புகழ் பெற்றது.

இஞ்சிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1988-இல் வெளியான ஆய்வில், டென்மார்க் கடற்படைப் பயிற்சியாளர் 80 பேரில் பாதிப் பேருக்கு ஒரு கிராம் இஞ்சிப்பொடி கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு வாந்தி குறைந்தது. வேறு சில ஆய்வுகளில் பயன் தெரியவில்லை. எனினும் தூக்கம் வரவழைக்காதது இதன் நன்மை.

தூக்கம் என்பது சிறிய குறையன்று. இக்குளிகைகளில் பெரும்பாலானவை மயக்கம் தருபவை. பயணிக்கு அது நன்மை. ஓடும் கயிற்றிலிருந்து கூரிய தூண்டில்கள் பாயும் தளத்தில் நிற்கும் மீனவருக்கோ அது உயிராபத்து. ஊர்தி ஓட்டுநருக்கும் அவ்வாறே.

ஆழ்கடலும் நம் மீனவர்களும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் பல வாரங்கள் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். பாக் நீரிணைப் பகுதியோ ஆழம் குறைந்தது. இலங்கையாலும் இராமேசுவரம் தீவாலும் காக்கப்பட்டது. இங்குள்ள இழுவைமடிப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுகள் வழங்கும் திட்டத்தை 2017-இல் மத்திய, மாநில அரசுகள் தொடங்கின.

இம்மாற்றத்தில் பணமும் பயிற்சியும் மட்டுமல்ல, உட்செவியும் ஒரு பங்கு வகிக்கிறது. ஓர் ஆட்டத்திற்குப் பழகிய மூளை எல்லா ஆட்டத்திற்கும் பழகிவிடுவதில்லை. குட்டையான அலைகளில் வளர்ந்தவர், பெருங்கடலின் நீண்ட அலையைச் சந்திக்கும்போது புதிதாகப் பழக வேண்டியிருக்கலாம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் பழக்கம் வந்துவிடும். கரை திரும்பியதும் சிறிது நேரம் தரை ஆடுவது போலத் தோன்றுவது, மூளை கடலுக்குப் பழகியிருந்ததன் எதிரொலியே.

அந்த இரண்டு மூன்று நாட்களைக் கடப்பது எப்படி? படகின் நடுப்பகுதியில், டீசல் புகை படாத இடத்தில் இருத்தல் வேண்டும். கடலும் வானும் கூடும் கோட்டைப் பார்த்தல் வேண்டும். அப்போது கண்ணும் செவியும் ஒரே செய்தி சொல்லும். முடியாதபோது கண்ணை மூடிப் படுத்தால் முரண்படும் சாட்சிகளில் ஒன்று குறையும். முதல் நாளுக்கு முந்திய இரவில் மது கூடாது. நல்ல உறக்கம் வேண்டும். வாந்தி எடுத்தவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். நீரிழப்பே இந்நோயின் உண்மையான ஆபத்து. மாத்திரை எனில் மருத்துவரைக் கேட்டு, புறப்படுமுன்பே உட்கொள்ள வேண்டும். குமட்டல் வந்தபின் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடுவதால் மாத்திரை எளிதில் உறிஞ்சப்படுவதில்லை.

மலைச்சாலைக்கும் இவையே பொருந்தும். ஓட்டுநருக்கு வாந்தி வருவதில்லை. அடுத்த வளைவு எப்போது, எப்பக்கம் என்பதை அவர் கண் முன்னரே மூளைக்கு அறிவித்துவிடுகிறது. ஜீப்பின் பின்புறம் பக்கவாட்டில் அமர்ந்து, எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துச் செல்லும் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடிக்கடி நோயுறுபவருக்குச் சாலையைக் காணும் முன் இருக்கையை விட்டுக்கொடுத்தால் பாதித் துன்பம் நீங்கும். முதல் முறை கடலேறி வாந்தியெடுக்கும் இளைஞனையும், மலையேறும் வழியில் துவண்டுவிடும் பெண்ணையும் "பலவீனம்" என்று ஏளனம் செய்யாதிருப்பதே, இரண்டாயிரம் ஆண்டு ஆராய்ச்சியிலிருந்து நாம் பெற வேண்டிய முதல் பயன்.